ஐந்நூறு மைல் ஆனதும்

ஸ்ரீராமஜயம்

மட்டாஞ்சேரி, கொச்சி-2
20.2.1983

இசக்கிமுத்துவுக்கு,

செர்லாய் விசாலாக்ஷி மாமி எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதற்குமுன் பாதி வரைக்குமாவது படித்துவிடு.

மாமா போய்விட்டார். நவம்பர் மூன்றாம் தேதி, ஆஸ்பத்திரியில். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பதினோரு நாள் இருந்தார்.

துக்கம் சொல்ல மட்டும் எழுதவில்லை. மாமாவின் பச்சைக் கார், அந்த வண்டி இன்னும் நம் ஷெட்டில்தான் நிற்கிறது. எழுபத்தாறில் ஆலத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய கோலத்திலேயே நிற்கிறது. போகிற வரைக்கும், ஆறு வருஷமாக, மாமா அதை ஒருத்தரையும் தொட விடவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, நான் மட்டும் சாக்கை விலக்கிச் சந்தனம் வைப்பேன். அன்றைக்கு அவர் கொல்லைப் பக்கமே வரமாட்டார்.

உனக்கு மறந்திருக்காது. எஞ்சின் ஹெட்டை இறக்கி, அடியில் புது கேஸ்கட் தகடு போட்டுப் பூட்டிக் கொடுத்தது நீ. இரண்டரை மாதம் ஆகவில்லை. மாமாவின் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று தந்தி வந்து பாலக்காட்டுக்குக் கிளம்பினோம். ஆலத்தூரில் வெள்ளைப் புகை கிளம்பியது, ரேடியேட்டர் கொதித்தது, வண்டி நின்றுவிட்டது. நாலு மணி நேரம் கழித்து பஸ் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்த பிள்ளை கையால் அவளுக்கு ஒரு வாய்த் தீர்த்தம் போகவில்லை. அதை மாமா கடைசிவரை உன் பேரில்தான் எழுதி வைத்திருந்தார். நானும்தான்.

ஆனால் போவதற்கு இரண்டு நாள் முன்னால், "அந்த ஹெட்டை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம், விசாலம்" என்றார். எதற்கு என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சினர் பிச்சுமணி பழைய இரும்புக்காரனிடம் பேசியாகிவிட்டது. மாமாவின் வருஷாப்திகத் திவசத்துக்கு அவர் வரும்போது ஷெட் காலியாக இருக்க வேண்டுமாம். அதற்குள் நான் அதைத் திறந்து பார்க்கப் போகிறேன். யார் தப்பு என்று தெரிந்துகொண்டு, திரும்பப் பூட்டி, ஓடவும் வைக்கப் போகிறேன். நீ வேலை பார்த்த செல்லதுரை ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "மாமி, எடைக்குப் போட்டுட்டு ராம நாமம் சொல்லிக்கிட்டு நிம்மதியா இருங்க" என்று சிரித்தார். உன் விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வண்டியோடு வந்த புஸ்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டேன். ஹெட் பூட்டுகிற பக்கம் மட்டும் கறையான் தின்றுவிட்டது. எந்த போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். அதைக் கேட்க எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுவேன்.

விசாலாக்ஷி


மனாமா, பஹ்ரைன்
9.3.1983

மாமி அவர்களுக்கு இசக்கிமுத்து வணக்கம்.

மாமா காலமானது உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரியும். கேட்டதும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். போனேன். பதினாறு டயர் கழற்றி மாட்டினேன்.

நான் இங்கே டயர் பிரிவில் இருக்கிறேன். எஞ்சின் வேலை தொடுவதில்லை. மட்டாஞ்சேரியை விட்டு வந்த பிறகு ஒரு ஹெட்கூட இறக்கியது கிடையாது. ஒர்க்‌ஷாப் வாசலில் பத்துப் பேர் பார்க்க, "இது கொலைகாரக் கை" என்று மாமா என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். செல்லதுரை அண்ணாச்சி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இந்தக் கையால் ஸ்பேனர் பிடித்து எஞ்சின் பக்கம் போக மனசு வரவில்லை. பம்பாயில் ஒரு வருஷம் சும்மா அலைந்தேன். பிறகு இங்கே.

என்னால் ஆகாது. வேறு ஆளைப் பாருங்கள்.

இசக்கிமுத்து

திறக்கத்தான் போகிறீர்கள் என்றால்: எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும். ஏழு வருஷம் ஆறியிருக்கிறது, போதும். ஓரத்து போல்ட்டிலிருந்து நடுவை நோக்கி, எல்லாவற்றையும் முதலில் அரைச் சுற்று, பிறகு இன்னொரு அரைச் சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு அட்டையில் ஹெட் மாதிரி படம் போட்டு, பத்து ஓட்டை குத்தி, எந்தக் குழியில் வந்த போல்ட்டோ அதே ஓட்டையில் செருகி வையுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஹெட்டைத் தனியாகத் தூக்காதீர்கள். இடுப்பு போய்விடும்.


ஸ்ரீராமஜயம்

மட்டாஞ்சேரி
27.3.1983

இசக்கிமுத்துவுக்கு,

ஆகாது என்று ஐந்து வரி, அதற்குக் கீழே வழி சொல்லிப் பத்து வரி. உன் குணம் மாறவில்லை.

திறந்துவிட்டேன். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தின் அட்டையில் ஓட்டை குத்தினேன். ஆறு நீளம், நாலு குட்டை. ஹெட்டைத் தூக்க, பஜாரில் மிளகு மூட்டை சுமக்கிற முகமது இஸ்மாயிலைக் கூப்பிட்டேன். வந்து ஒரு நோட்டம் பார்த்தார். "இதுக்கா மாமி என்னை விளிச்சது? எங்கட குருமிளகுச் சாக்கு இதைப்போல மூணு வரும்" என்று சொல்லிக்கொண்டே குழந்தையை எடுக்கிற மாதிரி எடுத்துப் பலகையில் கிடத்தினார். பிறகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "இனி இதை யார் திருப்பி வைக்கும்?" என்றார். நான்தான் என்றேன். "படச்சோனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சாயா போட்டுக் கொடுத்தேன். இருந்து குடித்துவிட்டுப் போனார். இந்த ஐந்து மாதத்தில் இந்த வீட்டில் இவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டது அந்த அரை மணி நேரம்தான்.

கேஸ்கட்டில் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கருகி, விரல் நீளத்துக்கு அறுந்திருக்கிறது. அது வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று புஸ்தகம் சொல்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஓரத்து போல்ட் ஆறும் கழன்று வருவதற்குள் என் தோள் விட்டுப்போயிற்று. ஸ்பேனர் கம்பியில் ஏறி நிற்காத குறை. ஆனால் நடுவில் உள்ள நாலும் ஊறுகாய்ப் பாட்டில் மூடி மாதிரி சுலபமாக வந்தன. ஒளிக்காமல் எழுதுவேன் என்று சொன்னேன் இல்லையா? கேட்கிறேன். அந்த நாலையும் இறுக்காமலா விட்டாய்?

தொட மாட்டேன் என்கிறாய். உன்னைத் தொடச் சொல்லவில்லை. எழுதத்தான் சொல்கிறேன். எப்படிப் பூட்ட வேண்டும்?

விசாலாக்ஷி


மனாமா
15.4.1983

மாமி அவர்களுக்கு,

"இறுக்காமலா விட்டாய்" என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, லீவு. அறையில் எட்டுப் பேர், ஏழு பேர் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போக இடம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நாலையும் இறுக்கித்தான் பூட்டினேன்.

இனி உங்கள் வேலை. முதலில் சுத்தம். ஹெட்டின் அடிமுகம், பிளாக்கின் மேல்முகம் இரண்டிலும் பழைய கேஸ்கட் ஒரு துணுக்குக்கூட ஒட்டியிருக்கக் கூடாது. கத்தி போட்டுச் சுரண்டினால் கீறல் விழும். மரச் சட்டுவத்தால் சுரண்டி மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், மேலே போகாதீர்கள்.

போல்ட்டை இரும்பு பிரஷ் போட்டுத் தேயுங்கள். மரை நசுங்கியிருந்தால் அந்த போல்ட் வேண்டாம், புதிது வாங்குங்கள்.

அடுத்தது போல்ட் இறங்குகிற குழி. வீட்டில் வேலை பார்க்கிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். குழிக்கு அடியில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கி நின்றால் போல்ட் அதன்மேல் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், ஆனால் ஹெட் அமுங்கியிருக்காது. இன்னும் பலம் போட்டால் பிளாக் வெடிக்கும். பத்துக் குழியையும் குச்சியில் துணி சுற்றித் துடைத்து, சைக்கிள் பம்பால் காற்று அடித்துக் காய வையுங்கள்.

எண்ணெய் போல்ட்டுக்குத்தான், குழிக்கு இல்லை. மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் விரலால் தொட்டுத் தடவினால் போதும். எஞ்சின் ஆயில். சாமி விளக்கு எண்ணெய் வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும்.

பத்தையும் முதலில் கையாலேயே திருகி இறக்குங்கள். அப்புறம் இறுக்க வேண்டிய வரிசையைக் கீழே படம் போட்டு நம்பர் எழுதியிருக்கிறேன். நடுவிலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வெளியே போக வேண்டும். பிரதட்சிணம் வருகிற மாதிரி ஓரமாகவே சுற்றி வந்துவிடாதீர்கள். பாய் விரித்தால் நடுவிலிருந்து தள்ளித்தானே சுருக்கம் எடுப்போம், அப்படி.

அளவு பார்த்து இறுக்குகிற ரெஞ்சு உங்களிடம் இருக்காது. இரண்டு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, கைப்பிடிக்கு நேர் குறுக்காக, வெட்டி இழுக்காமல் சீராக இழுங்கள். பத்து போல்ட்டும் ஒரு சுற்று, தராசில் மூன்று கிலோ. திரும்ப முதலிலிருந்து ஆறு கிலோ. மறுபடியும் முதலிலிருந்து ஒன்பது. ஒன்பதுக்குமேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

இன்னும் ஒரே ஒரு வேலை இருக்கிறது, கடைசி வேலை. அதை ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாம் தடவை நான் சொல்வதாக இல்லை.

இசக்கிமுத்து


ஸ்ரீராமஜயம்

மட்டாஞ்சேரி
5.5.1983

இசக்கிமுத்துவுக்கு,

பூட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஸ்நானம், பூஜை முடித்து ஆரம்பித்தேன். முடிக்கும்போது மத்தியானம் மூன்று மணி ஆயிற்று.

புது கேஸ்கட் உதிரி சாமான் கடையில் வாங்கி வைத்திருந்தேன். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. குழிகளைத் துடைக்க ஈர்க்குச்சியில் விளக்குத் திரிப் பஞ்சைச் சுற்றிக்கொண்டேன். ஏழாவது குழியிலிருந்து ஒரு உத்தரணி அளவு துருத்தண்ணீர் வந்தது. நீ எழுதாவிட்டால் அதன்மேலேயே போல்ட்டை இறக்கியிருப்பேன். நல்லெண்ணெய்க் கிண்ணத்தை நான் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தது வாஸ்தவம். உன் கடிதத்தைப் படித்ததும் அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இஸ்மாயில் மிளகுக் கிடங்கிலிருந்து ஸ்பிரிங் தராசு கொண்டுவந்தார். ஹெட்டை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். வரிசை மறக்காமல் இருக்க, போல்ட்டுக்கு ஒரு அவதாரமாக மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். நடுவில் மத்ஸ்யம், கூர்மம், வராகம், நரசிம்மம். வெளியே போகப் போக மற்றவர்கள். கல்கி கடைசி மூலை. பத்துக்குப் பத்து சரியாக இருந்தது. மூன்று தடவை தசாவதாரம் ஆயிற்று. ஒன்பது கிலோவில் முள் நின்றபோது கைப்பிடி மெல்ல ஒரு முனகல் முனகிற்று. ரொம்ப நாளைக்கப்புறம் நான் செய்த ஒரு காரியம் எனக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

இஸ்மாயில் என்னென்னவோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். திங்கட்கிழமை மௌனம் என்பது உனக்குத் தெரியும்தானே? கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒரு திங்களும் தப்பியதில்லை. முன்பெல்லாம் ஒரு நாள் பேசாமல் இருக்க மனசை அடக்க வேண்டியிருந்தது. இப்போது செவ்வாய்க்கிழமையும் பேச ஆள் இல்லை.

அது கிடக்கட்டும். கடைசி வேலை ஒன்று இருக்கிறது, ஒரு தடவை சொல்லியாயிற்று என்று விடுகதை போடுகிறாய். என்னிடம் நீ ஒன்றும் சொன்னது இல்லை. மாமாவிடம் சொன்னாயோ என்னவோ. சொல்லியிருந்தால் அவர் செய்யாமல் இருந்திருக்க மாட்டார். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்து, இதுவும் ஒரு நாள் வழியில் நிற்கட்டும் என்று நினைக்கிறாயா? அப்படிப்பட்டவன் நீ இல்லை என்று நினைத்துத்தான் எழுதினேன்.

விசாலாக்ஷி


மனாமா
24.5.1983

மாமி,

உங்களிடம்தான் சொன்னேன்.

வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிட்டுச் சாவி கொடுக்கச் சமையல்கட்டு வாசலுக்கு வந்தேன். மாமா ஆபீசில் இருந்தார். நீங்கள் மாவு அரைத்துக்கொண்டிருந்தீர்கள். விவரம் சொன்னேன். நீங்கள் பேசவில்லை, தலையை ஆட்டினீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு மாடத்திலிருந்து நோட்டை எடுத்து எழுதினீர்கள். எழுதினதைப் பார்த்த பிறகுதான் நான் படி இறங்கினேன். பேசாவிட்டால் என்ன, மாமி எழுதினால் அது நடந்த மாதிரிதான் என்று நம்பிப் போனேன். எழுபத்தாறு மே மாதக் கடைசி. நோட்டு இருந்தால் பாருங்கள்.

திங்கட்கிழமை பேச மாட்டீர்கள், சரி. ஆனால் ஒர்க்‌ஷாப் வாசலில் மாமா என் கையைத் தூக்கிப் பிடித்துக் கொலைகாரன் என்றாரே, அவர் முதுகுக்குப் பின்னால் நீங்கள் நின்றிருந்தீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்தேன். மாமியிடம் சொன்னேன் என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. சொன்னால் மாமா உங்களை என்ன செய்வாரோ என்று விழுங்கினேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று நின்றேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை இல்லை மாமி. புதன்கிழமை. அன்றைக்கே அண்ணாச்சியின் சுவர்க் காலண்டரில் பார்த்தேன்.

இசக்கிமுத்து


ஸ்ரீராமஜயம்

மட்டாஞ்சேரி
16.6.1983

இசக்கிமுத்து அவர்களுக்கு,

நோட்டைப் பார்த்தேன்.

மாதத்துக்கு ஒரு நோட்டு போடுவது என் வழக்கம். பால், அரிசி, விரதம், வண்டி ஓடின மைல் எல்லாம் அதில் இருக்கும். பழைய நோட்டுகள் பரணில் வருஷக்கட்டாகக் கட்டிக் கிடக்கின்றன. எழுபத்தாறு மே நோட்டின் கடைசிப் பக்கத்தில், முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, என் கையெழுத்தில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"வண்டி வந்தது. 41,216. ஐந்நூறு மைல் ஓடினதும் ஹெட் போல்ட் எல்லாம் திரும்ப இறுக்க வேணும், கேஸ்கட் படிந்து நடு போல்ட் தளரும் என்கிறான் இசக்கி. 41,716-ல் கட்டாயம் கொண்டு வரச் சொன்னான். இவரிடம் நாளை சொல்லணும்."

அந்த "நாளை", ஜூன் முதல் தேதி. புது நோட்டு. அன்றைக்குத்தான் மழை பிடித்துக்கொண்டது. சமையல்கட்டு ஒழுகிற்று, பாத்திரம் வைத்துப் பிடித்தேன் என்று புது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மே மாத நோட்டைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் மனசு அதை விட்டுவிட்டது. எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஞாபகம் இருந்திருக்கும். ஆலத்தூரில் வண்டி நின்றபோது 42,304. ஆயிரத்து எண்பத்தெட்டு மைல் ஓடியிருக்கிறது. நீங்கள் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

மாமியார் வாய்க்குத் தீர்த்தம் போகாததற்கும், மாமா ஆறு வருஷம் ஷெட் பக்கம் திரும்பாததற்கும், உங்கள் கைக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் இந்த ஒரு பக்கம்தான் காரணம். யார் தப்பு என்று தெரிந்துகொள்ளத்தானே திறந்தேன்? தெரிந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமையைப் பற்றியும் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் இல்லை என்பது சத்தியம். ஆனால் ஞாபகம் இல்லாவிட்டாலும், பதிமூன்று நாள் காரியம் முடித்து வந்தவர் ஒரு மனுஷன் கையைப் பிடித்து அப்படிச் சொல்லும்போது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மௌனம் எனக்குப் பழகிப்போய்விட்டது. அது விரதமா பயமா என்று எனக்கே பிரித்துத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் பதினோராம் தேதி வந்தது. அன்றைக்கே பரணில் ஏறினேன். இரண்டு நாள் யாரிடமும் முகம் காட்டவில்லை. பதிமூன்றாம் தேதி காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு செல்லதுரை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வேலையாட்கள் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். வாசலில் நின்று, மாமா நின்ற அதே இடத்தில், அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். "இசக்கிமுத்து சொன்னான். நான்தான் இவரிடம் சொல்லவில்லை. வண்டி நின்றது அவன் கையால் இல்லை, என் வாயால்" என்றேன்.

செல்லதுரை எழுந்து நின்றுவிட்டார். "மாமி, இன்னைக்குத் திங்கக்கிழமைல்லா? நீங்க பேச மாட்டீகளே" என்றார்.

"தெரிந்துதான் வந்தேன்" என்றேன்.

மறுநாள் அவரே ஷெட்டுக்கு வந்தார். தராசைப் பார்த்தார். ஒரு போல்ட்டில் தன்னுடைய ரெஞ்சை மாட்டி இழுத்துப் பார்த்தார். "இதைப் பூட்டுனது ஆரு?" என்றார். சொன்னேன். "அவன் எழுதுனதைப் பாத்தா? இங்கயிருந்து பஹ்ரைனுக்குக் கையி நீண்டிருக்கே!" என்று ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. நடந்ததை மட்டும் எழுதினேன்.

விசாலாக்ஷி


மனாமா
4.7.1983

மாமி அவர்களுக்கு,

"அவர்களுக்கு" வேண்டாம். "நீ" என்றே எழுதுங்கள். யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

அந்த நோட்டுப் பக்கத்தை நீங்கள் எழுதியபடியே மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன். உங்களிடம் சொன்னேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் இத்தனை வருஷத்தில், படுத்தால் அந்த நடு நாலு போல்ட் கண்முன் வரும். ஒன்பது கிலோவுக்கு இழுத்தேனா, அன்றைக்கு அவசரத்தில் ஆறோடு விட்டுவிட்டேனா? மாமா சொன்னதுபோல என் கைதானோ? சொல்லச் சொல்ல நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது மாமி. டயரில் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் டயர்.

நோட்டில் நான் சொன்னது இருக்கிறது. என் கை எப்படி இழுத்தது என்பது அதில் இல்லை. அது எந்த நோட்டிலும் இருக்காது. பரவாயில்லை.

என்னால் வர முடியாது. ஒப்பந்தம் இன்னும் இருபது மாதம் இருக்கிறது, பாஸ்போர்ட் முதலாளியிடம். கடைசி வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு வால்வுகளின் டேப்பட் இடைவெளி பார்க்க அண்ணாச்சி ஆள் அனுப்பட்டும். பிறகு ஐந்நூறு மைல். ஓடினதும் ஒரு ராத்திரி முழுக்க ஆற விட்டு, மறுநாள் பாருங்கள். தொடங்குவதற்குமுன் ஒவ்வொரு போல்ட் தலையிலும் தொடங்கி ஹெட்மேல் முடிகிற மாதிரி சாக்பீஸால் ஒரு நேர்கோடு போடுங்கள். அதே வரிசை, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்தான். கொஞ்சம் தளர்த்தி, திரும்ப ஒன்பது கிலோ. கோடு பழைய இடத்திலேயே வந்து சேர்ந்தால் அந்த போல்ட் தளரவில்லை. கோட்டைத் தாண்டிப் போனால் தளர்ந்திருந்தது என்று அர்த்தம்.

எது எது தாண்டியது என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றும் தாண்டாவிட்டாலும் எழுதுங்கள்.

இசக்கிமுத்து


ஸ்ரீராமஜயம்

மட்டாஞ்சேரி
30.8.1983

இசக்கிமுத்துவுக்கு,

வண்டி ஜூலை பதினாறாம் தேதி புறப்பட்டது. முதலில் இருமி, கறுப்பாகக் கக்கி, பிறகு நின்று ஓடியது. சத்தம் கேட்டு இஸ்மாயில் தலைச்சுமையோடு ஓடிவந்து ஷெட் வாசலில் நின்று, "ஓடுன்னுண்டு! மாமியோட வண்டி ஓடுன்னுண்டு!" என்று தெருவுக்கே சொன்னார்.

ஐந்நூறு மைலுக்கு நான் எங்கே போவது? செல்லதுரை தினமும் பாலம் தாண்டிப் பிராட்வே கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர். வண்டியை எடுத்துப் போகச் சொன்னேன். வந்ததும் மைலை என்னிடம் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று எண்ணைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். அது போக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பிராட்வேயில் என்ன நெரிசல், பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றது, இப்படி. அந்த ஆறு வாரம் சாயங்காலம் ஆகிறது என்று எனக்குத் தெரிந்தது. மாதம் மாறினபோது புது நோட்டின் முதல் வரியாக 42,804 என்று எழுதினேன். இந்தத் தடவை எழுதினதோடு விடவில்லை. கண்டவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தேன். பால்காரனுக்குக்கூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை 42,804 ஆயிற்று. ஆற விட்டேன். நேற்றுக் காலையில் ஷெட்டைத் திறந்தேன்.

வீட்டில் சாக்பீஸ் இல்லை. குங்குமச் சிமிழ் இருந்தது. நவம்பரிலிருந்து அதைத் திறக்கவில்லை, இனி எனக்கு அது எதற்கு? கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈர்க்கு நுனியால் பத்து போல்ட்டுக்கும் கோடு இழுத்தேன்.

நேற்றுத் திங்கட்கிழமைதான். இருந்தாலும் வாய்விட்டே எண்ணினேன். மத்ஸ்யம். தளர்த்தி, தராசை மாட்டி, ஒன்பதுக்கு இழுத்தேன். கோடு பழைய இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை, ஒரு அரிசி அகலம் தாண்டிப் போய்த்தான் முள் ஒன்பதைக் காட்டியது. கூர்மம், தாண்டியது. வராகம், தாண்டியது. நரசிம்மம் எல்லாவற்றையும்விட அதிகம், ஒன்றரை அரிசி. வெளியில் இருந்த ஆறும் கோட்டோடு கோடாக நின்றன.

நடுவில் உள்ள அதே நாலு, இசக்கி. முதலில் இறுக்கினது என் கை. மூன்று தடவை, தராசைப் பார்த்து, ஒரு நூல் குறையாமல் ஒன்பது கிலோ. அதுவே ஐந்நூறு மைலில் தளர்ந்திருக்கிறது. ஆயிரத்து எண்பத்தெட்டு மைல் ஓடினால் என்ன ஆகும்? எந்த நோட்டிலும் இருக்காது என்று எழுதியிருந்தாயே, அது அந்த நாலு குங்குமக் கோட்டில் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு அழிக்க மாட்டேன். செல்லதுரை வந்து பார்க்கட்டும், அவர் ஆட்களும் வந்து பார்க்கட்டும். பிச்சுமணிக்கும் எழுதிவிட்டேன், இரும்புக்காரன் வர வேண்டாம் என்று.

நேற்று இஸ்மாயில் சுமைக்குப் போய்விட்டார். ஷெட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். தராசைக் கழற்றிக் கீழே வைத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "இசக்கிமுத்து நன்றாகத்தான் பூட்டியிருந்தான்" என்று சொன்னேன். ஷெட்டிலிருந்து கூடத்தில் மாமா படம் மாட்டியிருக்கிற சுவர்வரைக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

விசாலாக்ஷி